வாசகர் கேள்வி: விருந்தாளி நாட்டைப் படிப்பது எப்படி?

கேள்வி: எங்கள் பள்ளி மைதானத்தில் அடுத்த ஆண்டு நடக்கவிருக்கும் பன்னாட்டு இளையோர் ஹாக்கிப் போட்டியில், மலேசிய அணியை வரவேற்று உடனிருக்கும் பொறுப்பு எங்கள் மாணவர்களுக்குத் தரப்பட்டிருக்கிறது. அந்நாட்டின் கொடி, வரைபடம், உடைகளை வைத்து ஒரு கண்காட்சி நடத்தினால் போதுமா?
– உடற்கல்வி ஆசிரியர், காரைக்குடி

பதில்: கண்காட்சி வேண்டாம் என்று சொல்லமாட்டேன்; அது பெற்றோர் பார்த்து மகிழ உதவும். வருகிற பிள்ளைகளுக்குத் தங்கள் கொடியின் நிறம் ஏற்கெனவே தெரியும்.

1994-ல் ஆசிய விளையாட்டுப் போட்டியை நடத்திய ஹிரோஷிமாவில் சமூகக் கூடங்கள் ஆளுக்கொரு நாட்டை எடுத்துக்கொண்டு அறிந்துகொண்டன. அதை முன்மாதிரியாகக் கொண்டு, 1998 குளிர்கால ஒலிம்பிக் நடந்த நகானோவில் ஒரு பள்ளிக்கு ஒரு நாடு என ஒதுக்கினார்கள். மாணவர்கள் அந்தந்த நாட்டின் தேசிய கீதத்தை அந்தந்த மொழியிலேயே பாடி வீரர்களை வரவேற்றார்கள். மலேசியாவின் ‘நெகாராக்கு’ சிறிய பாட்டு. உங்கள் மாணவர்கள் எளிதில் கற்றுவிடுவார்கள்.

செட்டிநாட்டுக்கு மலேசியா புதிய நாடன்று. ‘கொண்டுவிக்க’, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போன முன்னோர் பினாங்கில் நடத்திய கிட்டங்கிகள் எனும் தொழிற்கூடங்களையும், காரைக்குடியில் செய்து 1894-ல் கப்பலேற்றி அனுப்பப்பட்டு இன்றும் அங்கே தைப்பூசத்தில் உலா வருகிற வெள்ளி ரதத்தையும் பற்றிப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடமே கேட்டறியலாம். அதோடு நின்றுவிட்டால், அவர்கள் படித்திருப்பது அங்கே போன நம்மவர்களின் கதையாகத்தான் இருக்கும். அந்நாட்டு மக்களில் இந்திய வம்சாவளியினர் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரே. அணியில் மலாய், சீனப் பிள்ளைகளும், போர்னியோ தீவிலுள்ள சபா, சரவாக் மாநிலத்துப் பிள்ளைகளும் இருக்கக்கூடும்.

ஆகவே பெயர்களிலிருந்து தொடங்குங்கள். மலாய்ப் பெயரில் ‘பின்’, ‘பிந்தி’ என்பவற்றுக்குப் பிறகு வருவது தந்தையின் பெயர். குடும்பப் பெயர் என்ற வழக்கம் பொதுவாக இல்லை. தலைப்பெழுத்துப் போட்டுப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இது உடனே விளங்கும். சீனப் பெயரிலோ குடும்பப் பெயர் முதலில் வரும். ஒலிபெருக்கியில் ஒரு சிறுவனை அவன் அப்பாவின் பெயரால் அழைத்துவிடாமலிருக்க, அணிப் பட்டியல் வந்தவுடன் ஒவ்வொரு பெயரையும் அணி மேலாளரிடம் கேட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

கோலாலம்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நமக்கு விடியற்காலை நாலரை மணி ஆகும்போது அவர்களுக்கு ஏழு மணி. முதல் ஓரிரு நாட்கள் சீக்கிரமே எழுந்து பசியோடு இருப்பார்கள் என்பதைச் சமையற்கூடத்துக்குச் சொல்லிவையுங்கள். ஆட்டிறைச்சியும் கோழியும் ஹலால் முறையில் அறுக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். தொழுகைக்குத் தூய்மையான ஓர் அறையும், மேற்கு வடமேற்குத் திசை குறித்த அடையாளமும் வேண்டும். இடியாப்பத்தைத் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் சேர்த்து அவர்களும் உண்பார்கள். ஆட்டத்துக்கு முந்தைய நாள் அது போதும். மிளகும் மிளகாயும் தூக்கலான நம் பெருமைக்குரிய குழம்புகளெல்லாம் கடைசி ஆட்டம் முடியட்டும் என்று காத்திருக்கலாம்.

இன்னொன்று: ஆடவர் உலகக் கோப்பை ஹாக்கியை இந்தியா வென்ற ஒரே ஆண்டான 1975-ல் போட்டி நடந்த இடம் கோலாலம்பூர். அரையிறுதியில் மலேசியாவை 3–2 என்ற கணக்கில், கூடுதல் நேரத்தில்தான் இந்தியாவால் வெல்ல முடிந்தது. மலேசியா நான்காம் இடம் பெற்றது. இரு அணிப் பிள்ளைகளும் பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல செய்தி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: வரும் வீரர்களை எங்கள் பெரிய வீட்டிலேயே தங்கவைக்க விரும்புகிறோம். செய்யலாமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: உங்கள் மனம் பெரிது. எனினும் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் பயிற்சியாளரின் பொறுப்பில், அணியோடு ஒரே இடத்தில் தங்குவதே முறை. ஆட்டமில்லாத ஒரு நாளில் மேலாளரின் ஒப்புதலோடு மதிய விருந்துக்கு அழையுங்கள். பர்மாத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடித் தரையையும் அப்போது காட்டலாம்.