டீசல் ஃபோர்வீலின் எக்ஸாஸ்டை மாற்றினால் எண்ணெய் மிச்சமாகுமா?

ஆகலாம், ஆனால் கொஞ்சம்தான். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து மண் சாலையில் ஓடும் வண்டி என்றால் அதுவும் சந்தேகம்.

வெளியேறும் புகைக்குக் குழாயும் சைலன்சரும் தரும் எதிர்ப்புதான் பின்னழுத்தம். அதை மீறிப் புகையைத் தள்ள பிஸ்டன் தன் சக்தியில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது; புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குக் காற்றை ஊட்டும் டர்போவும் சிரமப்பட்டுச் சுழல்கிறது. அகலமான பைப் போட்டால் இந்த வீண்செலவு குறையும்.

ஆனால் புகை நிறைய வந்தால்தானே பழைய பைப் திணறும்? செம்பனை ஆலையில் லோரிகள் எடைமேடையில் காத்து நிற்கும்போது, வெளிவாசலை மட்டும் அகலப்படுத்தி என்ன பயன்? தோட்டத்துக்குள் மெதுவாக உருளும் வண்டிக்குக் கம்பெனி பைப்பே தாராளம். பாரம் ஏற்றி நெடுஞ்சாலை மேட்டில் இழுக்கும்போது வித்தியாசம் தெரியலாம்.

எக்ஸாஸ்டில் கரி அடைத்துப்போன புகை வடிகட்டியைச் (DPF) சரிசெய்வது வேறு கதை, அதில் உண்மையிலேயே எண்ணெய் மிச்சமாகும். எண்ணெயைக் கூடுதலாகக் குடிக்கவைக்கும் சேற்று டயர், உயர்த்திய சஸ்பென்ஷன், கூரை கேரியர் போட்டுவிட்டு பைப்பில் மிச்சம் தேடுவது எனக்கு வேடிக்கையாகத்தான் தெரிகிறது. 2024 ஜூனில் தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் 3.35 ரிங்கிட் ஆனபோது பலர் இதைத்தான் தேடினார்கள்.

அப்புறம், ‘இன்ஜினுக்குக் கொஞ்சம் பின்னழுத்தம் தேவை’ என்று சொல்வார்கள். டர்போ டீசலில் டர்போவுக்குப் பின்னால் அது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.