டிரன்னியனுக்கு ஆயில்தான், கிரீஸ் இல்லை

இங்கிலாந்தில் இருக்கும் வாசகர் ஒருவர் 1968 மாடல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 ஒன்றை வாங்கி, பாடியைச் சேஸியிலிருந்து தனியாகத் தூக்கி வைத்துவிட்டு எழுதியிருக்கிறார். எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றுக்கும் இப்போது கிடைக்கிற நல்ல சிந்தெடிக் ஆயிலையே போட்டுவிடலாமா என்று கேட்கிறார். முன் சஸ்பென்ஷனுக்காக கிரீஸ் கன்னும் கிரீஸும் வாங்கியாயிற்றாம். சேஸி, சஸ்பென்ஷன் பாகங்களுக்கு பவுடர் கோட்டிங், போல்ட்டுகளை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மாற்றுவது என்று நண்பர்கள் யோசனை சொல்கிறார்களாம். ஆனால் கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த மாதிரியே இருக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

முதலில் அந்த கிரீஸ் கன்னைப் பற்றிப் பேசிவிடலாம், ஏனென்றால் இந்தக் காரில் உயிருக்கே ஆபத்தான இடம் அதுதான். முன் சக்கரம் ஒவ்வொன்றையும் தாங்கி நிற்கும் செங்குத்தான எஃகுத் துண்டின் அடிப்பகுதியில் மரை வெட்டியிருக்கும், அந்த மரை ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டைதான் டிரன்னியன். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் எஃகு மரை வெண்கல மரைக்குள் சுழல்கிறது, காரின் முன்பக்கச் சுமையும் அதன்மேல்தான். டிரையம்ப் இதற்குச் சொன்னது 90 கிரேடு ஹைபாய்டு கியர் ஆயில், அதுவும் 6,000 மைலுக்கு ஒரு முறை. கிரீஸ் போட்டால் என்ன ஆகும்? அது மேல்மட்டத்திலேயே நின்றுவிடும், மரையின் அடிவரை போகாது, நாளாக நாளாகக் காய்ந்து மெழுகு மாதிரி இறுகிவிடும். அதற்குள் இறங்கும் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் எஃகை அரிக்கும், துரு பிடித்த இடத்தில் ஒரு விரிசல் விழும், ஒரு நாள் பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது அந்தத் துண்டு முறிந்து சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிப் படுத்துவிடும். பார்க்கிங்கில் நடந்தால் உங்கள் அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

என் பட்டறைக்கு இப்படி முறிந்து வந்த ஒரு துண்டை இன்னும் வைத்திருக்கிறேன். முறிந்த முகத்தில் பாதிக்கு மேல் பழுப்பேறிய பழைய துரு, ஓரமாக ஒரு சின்னப் பிறை அளவுக்கு மட்டும் பளிச்சென்று புது எஃகு. அத்தனை நாள் அந்தப் பிறைதான் காரைத் தாங்கியிருக்கிறது. மரைக்குள் இருந்த கிரீஸை ஊசியால் குத்தித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ஆகவே கிரீஸ் கன்னை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் உள்ளே ஆயிலை நிரப்புங்கள். ஒழுகும், பரவாயில்லை, கீழே பழைய தட்டு ஒன்று வையுங்கள். காரை ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்டில் நிறுத்தி சக்கரத்தைத் தொங்கவிடுங்கள், டிரன்னியனில் இருக்கும் சின்ன பிளக்கைக் கழற்றி அந்த இடத்தில் நிப்பிளைப் பூட்டுங்கள், மேலே ரப்பர் சீல் வழியாகச் சுத்தமான ஆயில் கசியும் வரை அடியுங்கள். ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நாலைந்து தடவை திருப்பிவிட்டு மறுபடி கொஞ்சம் அடியுங்கள். நீங்கள்தான் எல்லாவற்றையும் பிரித்து வைத்திருக்கிறீர்களே, பூட்டும் முன் பழைய மரைகளைக் கெரசினில் கழுவி, டார்ச் விளக்கு வைத்துப் பாருங்கள். குழி விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள், அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். இடதும் வலதும் எதிரெதிர் மரை, மாற்றிப் பூட்டிவிடாதீர்கள். இதே அமைப்புதான் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரிலும் இருந்தது. ஸ்பிட்ஃபயரே ஹெரால்டின் அடித்தளத்தில் பிறந்ததுதான். ஹெரால்டு வேலை பார்த்த பழைய மெக்கானிக் யாராவது உங்கள் உறவில் இருந்தால் ஒரு போன் போட்டுப் பேசுங்கள், இந்த விஷயத்தில் அவர் கைக்குத் தெரிந்தது நிறைய இருக்கும்.

சரி, எஞ்சின் ஆயில். உங்கள் 1296 சிசி எஞ்சினில் கேம் ஷாஃப்ட்டின் மூக்கு நேரடியாக, வால்வைத் தள்ளும் தட்டையான டாப்பெட்டின் மேல் உரசிக்கொண்டு போகிறது, இப்போதைய எஞ்சின்களில் இருப்பது போல நடுவில் உருளை எதுவும் கிடையாது. அந்த உரசலில் உலோகத்தைக் காப்பாற்றுவது துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த ஒரு சேர்மானம், ஆயில் டப்பாவில் இசட்டிடிபி என்று போட்டிருப்பார்கள். பாஸ்பரஸ் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கிறது என்பதால் 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய கிரேடுகளில் அதை 800 பிபிஎம் (பத்து லட்சத்தில் 800 பங்கு) அளவுக்குள் கட்டுப்படுத்திவிட்டார்கள். உங்கள் காரில் கன்வர்ட்டரே இல்லை, அந்தக் கட்டுப்பாட்டால் உங்களுக்கு நஷ்டம் மட்டும்தான். பழைய கார்களுக்கென்றே விற்கும் 20டபிள்யூ-50 மினரல் ஆயிலை வாங்குங்கள், துத்தநாகம் 1,000 முதல் 1,200 பிபிஎம் வரை இருந்தால் போதும். ஃபில்டரோடு சேர்த்து சுமார் நாலரை லிட்டர் பிடிக்கும். இது போதாதென்று தனி பாட்டிலில் சேர்மானம் வாங்கி ஊற்றாதீர்கள், அளவுக்கு மீறினால் அதுவே உலோகத்தை அரிக்கும்.

எஞ்சினைப் புதிதாகக் கட்டுகிறீர்கள் என்றால் கேமின் மூக்குகளிலும் டாப்பெட்டின் முகத்திலும் மாலிப்டினம் பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். அப்புறம் ஸ்டார்ட் செய்தவுடன் ஐடிலில் விடாமல் 2,000 சுற்றுக்குக் குறையாமல் இருபது நிமிடம் ஓட விடுங்கள், ஏனென்றால் டாப்பெட்டுக்கு ஆயில் போவது கிராங்க் வீசியடிக்கும் தெறிப்பில்தான், ஐடிலில் அந்தத் தெறிப்பு போதாது. புது கேமின் ஆயுள் அந்த இருபது நிமிடத்தில் தீர்மானமாகிவிடுகிறது. முதல் 500 மைலில் ஆயிலை மாற்றிவிடுங்கள். சிந்தெடிக் இந்தக் கட்டத்தில் வேண்டவே வேண்டாம், பிஸ்டன் ரிங் சிலிண்டரில் படியாது.

கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 என்ற தரக்குறி தெளிவாகப் போட்டிருக்கும் 80 அல்லது 90 கிரேடு ஆயில். கடைக்காரர் ஜிஎல்-5 இன்னும் உசத்தி என்று எடுத்துக் கொடுப்பார், வாங்காதீர்கள். அதில் கந்தகச் சேர்மானம் அதிகம், இரண்டு, மூன்று, நான்காவது கியர்களில் இருக்கும், கியர் மாறும்போது வேகத்தை ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோ ரிங்குகளின் மஞ்சள் உலோகத்தை அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். முதல் கியரில் சிங்க்ரோ கிடையாது, அங்கே கரகரவென்று சத்தம் வந்தால் ஆயிலைக் குறை சொல்ல வேண்டாம். ஓவர்டிரைவ் என்ற கூடுதல் வேகப் பெட்டி இருந்தால் அதுவும் இதே ஆயிலைத்தான் குடிக்கும். ஓவர்டிரைவ் இல்லாத பெட்டிக்கு 0.85 லிட்டர் பிடிக்கும், பக்கவாட்டுத் துளையிலிருந்து வழிய ஆரம்பித்தால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். டிஃபரன்ஷியலில் சிங்க்ரோ இல்லை, அங்கே ஜிஎல்-5 80டபிள்யூ-90 போடலாம், அரை லிட்டருக்குச் சற்று மேல். கியர்பாக்ஸுக்கு 90 கிரேடாக வாங்கினால் டிரன்னியனுக்கும் அந்த பாட்டிலையே வைத்துக்கொள்ளுங்கள். எஸ்யூ கார்புரேட்டரின் தலையில் ஆயில் நிற்கும் டேஷ்பாட்டுக்கு 20 கிரேடு மெல்லிய ஆயில்.

பிரேக்குக்கு டாட் 4 வகைத் திரவம் போதும். ஆனால் அது பெயின்ட்டைக் கரைக்கும். மாஸ்டர் சிலிண்டருக்கு நேர் கீழே தடுப்புச் சுவரில் பெயின்ட் கொப்பளித்து உரிந்திருக்கிறதா என்று உங்கள் காரிலேயே பாருங்கள். அந்தப் பயத்தால் சிலிகோன் டாட் 5-க்கு மாறுகிறவர்கள் உண்டு, மாறுவதானால் குழாய், சீல் எல்லாம் புதிதாகப் போடும் இப்போதே மாறுங்கள், பழைய திரவத்தோடு ஒரு சொட்டுகூடக் கலக்கக் கூடாது.

இனி தோற்றம். தொழிற்சாலை மாதிரி வேண்டும் என்றால் பவுடர் கோட்டிங் அதற்கு நேர் எதிர். 1968-இல் கோவென்ட்ரியிலிருந்து வெளியே வந்த சேஸி மெல்லிய கறுப்புப் பெயின்ட் பூசியது, வெல்டிங் தழும்பு தெரியும், கண்ணாடி மாதிரி மின்னாது. பவுடர் கோட்டிங் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும் தடிமன் ஏறும், இரண்டு பாகம் சேரும் முகத்தில் அது இருந்தால் நாளடைவில் நசுங்கி போல்ட் தளரும். கல் பட்டு ஒரு இடத்தில் உடைந்தால் ஈரம் அதன் அடியிலேயே ஊர்ந்து போகும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சஸ்பென்ஷன் ஆர்மில் விரிசல் விழுந்தாலும் மறைத்துவிடும். நான் சேஸிக்கு எபாக்ஸி பிரைமர், அதன்மேல் அரை மினுமினுப்புக் கறுப்பு, அவ்வளவுதான் அடிப்பேன். சேரும் முகங்களை டேப் ஒட்டி மறைத்துவிடுவேன்.

ஸ்டெயின்லெஸ் போல்ட் பார்வைக்கு அழகு. சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2 வகை ஸ்டெயின்லெஸ், உயர்வலு எஃகு போல்ட்டைவிடச் சீக்கிரம் நீண்டு கொடுக்கும், மரையில் கடித்து இறுகிக்கொள்ளவும் செய்யும். சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக் பக்கமே அதைக் கொண்டு போகாதீர்கள். அந்தக் காலத்து போல்ட்டுகளில் பெரும்பாலும் இருந்தது காட்மியம் முலாம், மங்கிய வெள்ளி நிறம், லேசாக மஞ்சள் சாயல். காட்மியம் நஞ்சு, பழைய போல்ட்டை உலர்ந்தபடி தேய்க்கவோ சூடாக்கவோ கூடாது. இன்றைக்கு அதற்கு மாற்று துத்தநாக முலாம்தான், பட்டறையில் பளபளப்பு வேண்டாம், மங்கலாகப் போடுங்கள் என்று சொல்லிக் கொடுங்கள். உயர்வலு போல்ட்டாக இருந்தால் முலாம் போட்ட சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரியில் சுட வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முலாம் தொட்டியில் உள்ளே புகுந்த ஹைட்ரஜன் எஃகை நொறுங்க வைத்துவிடும். சுருள் வில்லுக்கும் டிரன்னியன் மரைக்கும் முலாமே வேண்டாம்.

எஞ்சின் பிளாக்கின் பழைய நிறம் தெரிய வேண்டுமானால் மவுண்டிங் தட்டுகளைக் கழற்றி அவற்றின் அடியில் பாருங்கள், வெளிச்சமும் ஆயிலும் படாத அந்த இடத்தில் அசல் பெயின்ட் அப்படியே இருக்கும். கிளிப், தட்டு எதையும் கழுவும் முன் ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரியைப் பையில் போட்டுப் பெயர் எழுதி வைத்துவிடுங்கள். கார்புரேட்டர் வெறும் வார்ப்பு அலுமினியம், கண்ணாடி மாதிரி பஃப் அடிக்காதீர்கள், மணல் பீய்ச்சுவதும் வேண்டாம், மணல் மணி ஒன்று உள்ளே தங்கினால் போச்சு. கம்பிச் சக்கரம் போட்ட காராக இருந்தால் அதற்கு வெள்ளிப் பெயின்ட் போதும்.

பாடி நிறத்துக்கு கமிஷன் பிளேட்டை, அதாவது காரின் எண் பொறித்த தகட்டைப் பாருங்கள். எண் எஃப்டி என்று ஆரம்பித்தால் அது மார்க் 3 தான், பக்கத்தில் பெயின்ட் குறியீடு இருக்கும், 32 என்றால் சிக்னல் ரெட், 25 கோனிஃபர் கிரீன், 19 வெள்ளை. பிளேட் மாறியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் கேடனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு எழுதி ஹெரிட்டேஜ் சான்றிதழ் வாங்குங்கள், அது தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தருவது. இரண்டு திரவத்தைக் கலந்து அடிக்கும் டூ-பேக் பெயின்ட்டாக இருந்தால் காற்றுக்குழாய் வைத்த முகமூடி இல்லாமல் ஸ்பிரே கன்னைக் கையில் எடுக்காதீர்கள், அதில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுத்துவிடும். பெயின்ட் வேலைக்கு அனுப்பும் முன்பே இந்தச் சான்றிதழைக் கையில் வாங்கிவிடுங்கள். டிரன்னியன் மரை பார்க்கும்போது குழி தெரிந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், நானும் பார்த்துச் சொல்கிறேன்.