டாக்டர் பதில்கள்: வேட்டுச் சத்தத்தில் விழும் பேரன்

கேள்வி: என் மகளின் பையனுக்கு ஒன்பது வயது. பேச்சும் படிப்பும் மந்தம். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் வேட்டு வெடித்ததும் கால் துவண்டு விழுந்தான், நினைவு தப்பவில்லை. மரபணுச் சோதனையில் காஃபின்-லோரி நோய் என்கிறார்கள். இது வலிப்பா? தங்கைக்கும் வருமா?
- வாசகி, ஏற்காடு

பதில்: பார்க்க வலிப்பு மாதிரி இருந்தாலும், இந்த நோயில் இப்படி விழுவது பெரும்பாலும் வலிப்பு இல்லை அம்மா. திடீர்ச் சத்தமோ தொடுதலோ பட்டதும் தசைகள் ஒரு கணம் தளர்ந்துவிடும். ஆனால் சில பிள்ளைகளுக்கு உண்மையான வலிப்பும் உண்டு. அதனால் அடுத்த முறை செல்போனில் படம் எடுத்து நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். ஏற்காட்டுப் பேருந்து வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்குமே, படிக்கட்டுப் பக்கம் அவனைத் தனியாக நிற்க விடாதீர்கள்.

அவன் கை மெத்தென்று இருந்து, விரல்கள் நுனிக்குப் போகப் போக ஒல்லியாகின்றனவா? இடைவெளி விட்டு அமைந்த கண்கள், தடித்த உதடு, குட்டையான உடல்வாகு எல்லாம் இதன் அடையாளங்கள்தான். முகத்தைவிட முதுகுதான் எனக்குக் கவலை. கூன் வளர வளர மூச்சையே நெருக்கும். இதயம், பல் இவற்றோடு காதையும் சோதியுங்கள். கேட்காத பிள்ளை எப்படிப் பேசும்?

கோளாறு எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில். ஆணுக்கு ஒரே எக்ஸ் என்பதால் பாதிப்பு அதிகம். பெண்ணுக்கு இரண்டு, பெரும்பாலும் லேசாக இருக்கும். நூற்றில் எழுபது எண்பது பேருக்கு இது குடும்பத்தில் புதிதாக வந்ததே. மகளைக் குறை சொல்லும் உறவினர்களிடம் இதைச் சொல்லுங்கள். அப்புறம், மகளுக்கும் சோதனை செய்துவிடுங்கள். அவரிடம் அந்த மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போக பாதிக்குப் பாதி வாய்ப்பு. பேத்தியையும் அப்போது பார்க்க வேண்டும்.