வைஃபை இருக்கிறது, இணையம் இல்லை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: போனில் வைஃபை கோடுகள் முழுசாகத் தெரிகின்றன. ஆனால் கீழே ‘இணைய இணைப்பு இல்லை’ என்று வருகிறது. ரவுட்டர் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. அந்தக் கோடுகள் உங்கள் போன் ரவுட்டரோடு எவ்வளவு நன்றாகப் பேசுகிறது என்பதை மட்டுமே காட்டும். ரவுட்டருக்கு அந்தப் பக்கம் என்ன ஆயிற்று என்பது அவற்றில் தெரியாது. இணையம் உங்கள் கைக்கு வர மூன்று இணைப்புகள் சரியாக இருக்க வேண்டும். நிறுவனத்திலிருந்து ஓஎன்டி வரை ஒன்று. ஃபைபர் கேபிள் வந்து சேர்கிற சின்னப் பெட்டிக்குப் பெயர்தான் ஓஎன்டி. ஓஎன்டியிலிருந்து ரவுட்டர் வரை இரண்டாவது. ரவுட்டரிலிருந்து போன் வரை மூன்றாவது. எது அறுந்திருக்கிறது என்று தெரியாமல் எதையும் பிடுங்க வேண்டாம், எதையும் அழுத்த வேண்டாம்.

கண்டுபிடிப்பது எளிது. முதலில் இன்னொரு போனிலோ கணினியிலோ பாருங்கள். அதில் இணையம் வந்தால் சிக்கல் உங்கள் போனில்தான். அந்த வைஃபை பெயரை ‘மறந்துவிடு’ கொடுத்து மறுபடி சேருங்கள். எதிலுமே வரவில்லை என்றால், போனின் வைஃபை விவரத்தில் ஐபி முகவரியைப் பாருங்கள். 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் ரவுட்டர் உங்களுக்கு முகவரி கொடுத்திருக்கிறது, மூன்றாவது இணைப்பு சரி. கணினியில் 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். அப்போது ரவுட்டரில் டிஎச்சிபி (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) அணைந்திருக்கிறதா, அது கொடுக்கக்கூடிய முகவரிகள் தீர்ந்துவிட்டனவா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து ரவுட்டரின் பக்கத்தைத் திறங்கள். அதன் முகவரியும் கடவுச்சொல்லும் ரவுட்டரின் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்: பக்கம் திறக்கவே திறக்காது. வைஃபையில் இணையம் இல்லை என்று தெரிந்ததும் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடுவதுதான் காரணம். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு முயலுங்கள். உள்ளே போனதும் நிலைப் பக்கத்தில் ‘வேன் ஐபி’ (WAN IP) என்ற வரியைப் பாருங்கள். நிறுவனத்தின் பக்கத்திலிருந்து ரவுட்டருக்குக் கிடைத்த முகவரி அது. அது 0.0.0.0 என்றோ வெறுமையாகவோ இருந்தால் ரவுட்டருக்கே இணையம் வந்து சேரவில்லை. ஓஎன்டி, கேபிள், கணக்கு விவரம் என்று அந்தப் பக்கம் தேடுங்கள். ஒரு முகவரி இருந்தால் ரவுட்டர் வெளியே பேசிவிட்டது. அதற்குப் பிறகும் தளங்கள் திறக்காவிட்டால் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) மீது சந்தேகப்படலாம், கீழே அதைச் சொல்லியிருக்கிறோம். கணக்கின் காலம் முடிந்திருந்தாலும் சில நிறுவனங்கள் முகவரி மட்டும் கொடுத்து மற்றதை நிறுத்தி வைக்கும். அதையும் ஒரு முறை சரிபாருங்கள்.

அணைத்துப் போடுவதிலும் ஒரு வரிசை உண்டு. இரண்டு பெட்டியையும் அணைத்து 30 விநாடி விடுங்கள். முதலில் ஓஎன்டியை மட்டும் போடுங்கள். அதன் பான் (PON) விளக்கு, அதாவது ஃபைபர் இணைப்பைக் காட்டும் விளக்கு, சிமிட்டாமல் நிலையாக எரிய இரண்டு மூன்று நிமிடம் ஆகலாம். அதன் பிறகு ரவுட்டர். இரண்டையும் ஒன்றாகப் போட்டால், ஓஎன்டி தயாராகும் முன்பே ரவுட்டர் முகவரி கேட்டு, பதில் வராமல், சில மாடல்களில் வெகுநேரம் அப்படியே நின்றுவிடும்.

கேள்வி: ஓஎன்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிகிறது. நாமே சரிசெய்ய முடியுமா?

ஓரளவுக்கு. அந்தச் சிவப்பு விளக்கு, ஃபைபரில் ஒளி வரவில்லை அல்லது போதவில்லை என்று சொல்கிறது. இந்த நிலையில் ரவுட்டர் அமைப்புகளைத் துழாவி ஒரு பயனும் இல்லை.

ஃபைபருக்குள் கண்ணாடி இழை இருக்கிறது. அதை மடக்கினால் ஒளி வளைவில் வெளியே கசிந்துவிடும். சுருட்டி வைத்திருந்தால் வளையத்தின் விட்டம் 6 சென்டிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேஜைக் காலடியில் நசுங்கியிருக்கிறதா, கதவிடுக்கில் மாட்டியிருக்கிறதா, கம்பி கட்டும் பட்டையால் இறுக்கிக் கட்டியிருக்கிறதா என்று முழு நீளத்துக்கும் தடவிப் பாருங்கள். பிறகு ஓஎன்டியில் செருகும் முனையை ஒரு முறை கழற்றி, ‘க்ளிக்’ என்று சத்தம் வரும்வரை மறுபடி செருகுங்கள். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவே கூடாது. உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி. முனையை விரலாலும் தொடாதீர்கள், சட்டைத் துணியால் துடைக்காதீர்கள். விரலின் எண்ணெய்ப் பிசுக்கே ஒளியை மறைக்கப் போதும்.

முனையின் நிறமும் முக்கியம். பச்சை முனையின் கண்ணாடி 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீல முனை நேராகத் தேய்க்கப்பட்டது. இரண்டும் ஒரே ஓட்டையில் நுழையும். ஆனால் பச்சையை நீலத்தோடு சேர்த்தால் நடுவே இடைவெளி விழுந்து ஒளி பெருமளவு வீணாகும். கேபிளை மாற்றிய பிறகு வந்த சிக்கல் என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

ஓஎன்டியின் பக்கத்தில் வந்து சேரும் ஒளியின் அளவு டிபிஎம் (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு) கணக்கில் இருக்கும். பரவலாக உள்ள ஜிபான் (GPON) வகை ஃபைபர் இணைப்புகளில் -8க்கும் -27க்கும் இடையே இருந்தால் ஓஎன்டியால் படிக்க முடியும். -20 என்பதே ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்குதான். ஒவ்வொரு 3 டிபி குறையும்போதும் ஒளி பாதியாகிறது. அதனால் -26, -27 என்று விளிம்பில் நிற்கும் இணைப்பு விட்டுவிட்டு அறும். இந்த எண்ணைக் குறித்துவைத்து நிறுவனத்திடம் சொல்லுங்கள். ‘நெட் வரவில்லை’ என்பதைவிட ‘ஒளி -29 காட்டுகிறது’ என்றால் சரியான ஆள் சரியான கருவியோடு வருவார்.

கேள்வி: இணையம் வரவில்லை என்று ரீசெட் ஓட்டையில் ஊசியால் அழுத்தினேன். இப்போது வைஃபை பெயரே மாறிவிட்டது, எதுவும் சேரவில்லை.

நீங்கள் செய்தது மறுதொடக்கம் அல்ல, அழிப்பு. ரீசெட்டை 10 விநாடி போல அழுத்திப் பிடித்தால் ரவுட்டர் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும். வைஃபை பெயர், கடவுச்சொல் மட்டுமல்ல, நிறுவனத்தோடு பேசத் தேவையான விவரங்களும் போய்விடும். முதலில் இருந்த கோளாறு அப்படியே இருக்க, அதன் மேல் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது.

மீட்க முடியும். அடியிலுள்ள தாளில் இருக்கும் பெயரையும் கடவுச்சொல்லையும் வைத்துச் சேர்ந்து, ரவுட்டர் பக்கத்தில் வேன் இணைப்பு வகையைப் பாருங்கள். உங்கள் இணைப்புக்குப் பயனர் பெயர், கடவுச்சொல் தந்திருந்தால் பிபிபிஓஇ (PPPoE). எதுவும் தராமல் செருகியதும் வந்த இணைப்பு என்றால் டிஎச்சிபி. சில நிறுவனங்கள் விலேன் (VLAN) எண் ஒன்றும் கேட்கும், ஒரே கேபிளில் உங்கள் இணைய இணைப்பைத் தனியாகப் பிரித்துக் காட்டும் எண் அது. அது தவறினால் பயனர் பெயர் சரியாக இருந்தும் பதிலே வராது. இந்த மூன்றையும் நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். கடவுச்சொல்லில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் உண்டு. எடுத்து ஒட்டும்போது கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டாலும் ‘அங்கீகாரம் தோல்வி’ என்றுதான் வரும்.

விவரம் எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால், பழைய இணைப்பு நிறுவனத்தின் கருவியில் இன்னும் திறந்தபடி இருக்கலாம். ரவுட்டரை ஒரு 15 நிமிடம் அணைத்து வைத்தால் அது தானே காலாவதியாகும்.

வைஃபைக்குப் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். பிரிண்டர், டிவி, கேமரா எல்லாம் தாமாகவே வந்து சேரும். ஒவ்வொன்றாகப் போய் அமைக்க வேண்டியதில்லை. எல்லாம் ஓடத் தொடங்கியதும் ‘பேக்கப்’ கொடுத்து அமைப்புகளை ஒரு கோப்பாகச் சேமித்துவையுங்கள்.

ஓஎன்டியும் ரவுட்டரும் ஒரே பெட்டி என்றால் நிறுவனத்தைக் கேட்காமல் ரீசெட்டை நெருங்கவே வேண்டாம். நிறுவனம் உள்ளே பதித்த அடையாளம் அழிந்தால் அதை நீங்கள் மறுபடி எழுத முடியாமல் போகலாம்.

கேள்வி: புது ரவுட்டர் வாங்கி, நிறுவனம் தந்த பெட்டியோடு சேர்த்தேன். பழைய பெட்டியில் இணையம் வருகிறது, புதியதில் இல்லை.

கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். நிறுவனப் பெட்டியின் லேன் போர்ட்டிலிருந்து (வீட்டுக் கருவிகளுக்கான ஓட்டை) வரும் கேபிள், புது ரவுட்டரின் வேன் போர்ட்டுக்கு (வெளியிலிருந்து இணையம் வரும் ஓட்டை) போக வேண்டும். வேன் போர்ட் தனி நிறத்திலோ சற்றே தள்ளியோ இருக்கும்.

அது சரி என்றால், இரண்டு பெட்டியும் 192.168.1.1 என்ற அதே முகவரியை வைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தெருவின் இரு கோடியிலும் ஒரே கதவு எண் இருப்பது மாதிரி, எந்தப் பக்கம் அனுப்புவது என்று ரவுட்டருக்குத் தெரியாது. புதியதன் லேன் முகவரியை 192.168.10.1 என்று மாற்றி மறுதொடக்கம் செய்யுங்கள். அல்லது புதியதை ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறைக்கு, அதாவது முகவரி கொடுக்காமல் வைஃபை மட்டும் தரும் முறைக்கு, மாற்றிவிடுங்கள். வீட்டில் வைஃபையை விரிவாக்க மட்டுமே வாங்கியிருந்தால் எங்கள் தேர்வு இதுதான். முகவரி கொடுக்கும் வேலை ஒரே பெட்டியிடம் இருந்தால் பிரிண்டரைத் தேடும் தொல்லை இருக்காது.

பழைய ரவுட்டரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் புதியதை வைத்தவர்களுக்கு வேறொரு காரணம் இருக்கலாம். சில நிறுவனங்கள் முதலில் சேர்ந்த கருவியின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் தயாரிப்பிலேயே தரப்படும் அடையாள எண்) பதிந்துகொண்டு மற்றதை மறுக்கும். பழைய ரவுட்டரின் அடியிலுள்ள மேக் முகவரியைப் புதியதில் ‘மேக் க்ளோன்’ பகுதியில் எழுதினால் போதும்.

கேள்வி: ரவுட்டரைப் போட்டதும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பெயர் தெரிகிறது, 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் தெரியவில்லை.

சற்றுப் பொறுங்கள். 5 கிகாஹெர்ட்ஸின் சில சேனல்களை ரேடாரும் பயன்படுத்துகிறது. அவற்றில் பேசும் முன் ரவுட்டர் குறைந்தது ஒரு நிமிடம், வானிலை ரேடார் இருக்கக்கூடிய சேனல்களில் 10 நிமிடம் வரை, கேட்டுப் பார்த்த பிறகே பெயரை வெளியிட வேண்டும். காத்திருக்கப் பிடிக்காவிட்டால் சேனலை 36 என்று நிலையாக வையுங்கள்.

கேள்வி: சில தளங்கள் திறக்கின்றன, சில சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து 8.8.8.8 என்ற முகவரிக்கு பிங் (பதில் வருகிறதா என்று சோதிக்கும் கட்டளை) கொடுங்கள். அதற்குப் பதில் வந்து, தளத்தின் பெயரைக் கொடுத்தால் ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று வந்தால் கோளாறு டிஎன்எஸ்ஸில். பெயரை எண்ணாக மாற்றித் தருபவர் தூங்குகிறார். ரவுட்டரில் டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8, 1.1.1.1 இரண்டையும் எழுதிச் சேமியுங்கள். அங்கே ஏற்கெனவே நீங்கள் எழுதாத, நிறுவனமும் தராத முகவரி இருந்தால், யாரோ உள்ளே புகுந்து மாற்றியிருக்கலாம்; நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, ஃபர்ம்வேரை (ரவுட்டருக்குள் இருக்கும் மென்பொருள்) புதுப்பியுங்கள்.

பெயர்கள் கிடைத்தும் பக்கம் பாதியில் நின்றால் ரவுட்டரில் எம்டியு (MTU) அளவைப் பாருங்கள். தகவல் சின்னச் சின்னப் பொதிகளாகத்தான் போகும், ஒரு பொதி அதிகபட்சம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதே எம்டியு. சாதாரணப் பொதி 1500 பைட். பிபிபிஓஇ தன் தலைப்புக்கு 8 பைட் எடுத்துக்கொள்கிறது. ஆகவே அங்கே 1492 என்று இருக்க வேண்டும். 1500 என்று இருந்தால் பெரிய பொதிகள் வழியில் விழுந்துபோகும், சின்னவை மட்டும் வந்து சேரும்.

கேள்வி: எல்லோரும் வீடியோ பார்க்கும் நேரத்தில் மட்டும் ரவுட்டர் தானாக அணைந்து எரிகிறது. வோல்ட்மீட்டரில் அடாப்டர் சரியாக 12 வோல்ட் காட்டுகிறது.

சும்மா இருக்கும்போது காட்டும். அடாப்டருக்குள் உள்ள மின்தேக்கிகள் சூட்டில் காய்ந்துபோனால், சுமை ஏறும்போதுதான் வோல்ட் சரியும். பல கருவிகள் ஒரே நேரத்தில் இழுக்கும்போது வைஃபை பகுதிக்கு மின்சாரம் அதிகம் தேவைப்படுகிறது. அந்த நொடியில் வோல்ட் விழுந்து ரவுட்டர் மறுபடி தொடங்குகிறது. இணையம் போய்ப்போய் வருவதாகவே உங்களுக்குத் தெரியும்.

மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்ட் துல்லியமாக அதே எண்ணாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது. 12 வோல்ட் 1 ஆம்பியர் கேட்கும் ரவுட்டருக்கு 12 வோல்ட் 2 ஆம்பியர் தாராளமாகப் பொருந்தும். நடு முள் நேர்முனையா என்பதைப் பழைய அடாப்டரின் படத்தோடு ஒப்பிடுங்கள். முனையின் வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டராகவே இருந்தாலும் உள் துளை 2.1, 2.5 என இரண்டு அளவில் வரும். அளவு பொருந்தாத முனை உள்ளே ஆடிக்கொண்டே இருக்கும், லேசாக அசைந்தாலும் இணைப்பு விடும்.