முன்னாள் ராணுவ வீரரான அப்பா தினமும் குடிக்கிறார், இப்போது மறதியும் வந்திருக்கிறது. பாட்டிலை ஒளித்துவைத்து நிறுத்தலாமா?

ஒளித்துவைக்காதீர்கள். 68 வயது, தினமும் ஒரு குவார்ட்டர் கேன்டீன் ரம், ராத்திரி அலறி எழுகிறார், மதியம் சாப்பிட்டதே நினைவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 42.8 சதவீத ரம் 180 மி.லி. என்றால் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால். வருஷக்கணக்கில் அதற்குப் பழகிய உடம்பில் திடீரென்று நிறுத்தினால் முதல் நாளே கைநடுக்கம், வியர்வை. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் நான்காம் நாள் வரை, இல்லாத ஆளோடு பேசுகிற பிதற்றல் வரலாம். அது உயிரையே எடுக்கும். டாக்டர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். நம் பக்கம் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இ.சி.எச்.எஸ். (முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம்) அட்டை இருந்தால் அதன் பாலிகிளினிக்கில் பரிந்துரை வாங்கலாம். எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதைக் கூசாமல் சொல்லுங்கள். தூக்க மாத்திரை போடுகிறாரென்றால் அந்த மாத்திரை அட்டையையும் டாக்டரிடம் காட்டுங்கள். மறதியை அதுவும் கூட்டும். ஆனால் அதையும் சட்டென்று நிறுத்தக் கூடாது.

நம் பக்கம் ஆள் சோர்ந்து விழுந்தால் "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்பார்கள். குடிப்பவர் விஷயத்தில் தப்பு இங்கேதான் நடக்கிறது. ராத்திரி களியைத் தொடாமல் படுக்கிறவர் உடம்பில் தயமின் (வைட்டமின் பி1) வற்றிப்போயிருக்கும். குளுக்கோஸை எரிக்க அது வேண்டும். இருக்கிற கொஞ்சமும் அதில் தீர்ந்துவிடும். குழப்பம், கண் ஆட்டம், காலை அகட்டித் தள்ளாடுவது எல்லாம் தயமின் வற்றியதன் அடையாளம். விட்டால் புது நினைவு பதியாமலே போகும், பலருக்கு அது திரும்புவதில்லை. குளுக்கோஸுக்கு முன்னாலோ கூடவோ தயமின் ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள். குடியால் கெட்ட குடல் தயமின் மாத்திரையைச் சரியாக உறிஞ்சாது.

எல்லா மறதியையும் குடிமேல் போடாதீர்கள். சில வாரம் முன்பு விழுந்து தலையில் அடிபட்டதா? மெல்லக் கசிந்த ரத்தம் மூளையை அழுத்தலாம், சி.டி. ஸ்கேன் வேண்டும். பி12, தைராய்டு, சோடியம் பாருங்கள். துப்பாக்கிச் சத்தத்தில் போன காதுகூட மறதி மாதிரிதான் தெரியும். ஞாபக சக்திப் பரிசோதனையைக் குடியை விட்டுச் சில வாரம் கழித்துச் செய்தால்தான் உண்மை தெரியும்.

1987-90 இந்திய அமைதிப்படையில் இலங்கை போனவர் என்கிறீர்கள். ராத்திரி அலறல் அந்தப் போர் நினைவால் இருக்கலாம். ரம் தூங்கவைக்கும், பின்னிரவில் அதுவே தூக்கத்தைக் குலைக்கும். நிறுத்திய முதல் வாரங்களில் கெட்ட கனவு கூடும். அதற்குப் பயந்தே பலர் மறுபடி பாட்டிலை எடுக்கிறார்கள். ஆகவே குடி, கெட்ட கனவு இரண்டுக்கும் ஒரே சமயத்தில் மனநல டாக்டரிடம் சிகிச்சை தேவை. உடனே பேச அரசின் மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். அலறும்போது தொட்டு உலுக்காதீர்கள். கால்மாட்டில் தள்ளி நின்று கூப்பிட்டு, விளக்கைப் போடுங்கள். பக்கத்துக் குவாரியில் வெடி வைக்கும் நேரம் தெரிந்தால் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.