செவிலியர் படிப்பில் துணை சிகிச்சை முறைகளை எப்படிக் கற்பிக்க வேண்டும்?

மசாஜ், யோகா, மூலிகை என வழக்கமான மருத்துவத்தோடு சேர்த்துக் கையாளப்படும் இவற்றை நோயாளிகள் பலர் ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள், மருத்துவரிடம் சொல்வதில்லை. ஆகவே மாணவர்களுக்கு முதலில் பழக்க வேண்டியது மசாஜோ யோகாவோ அல்ல, கேட்கும் விதம். "மூலிகை, கஷாயம் ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று முகம் சுளிக்காமல் கேட்டால்தான் உண்மை வெளிவரும்.

இது உயிர்ப் பிரச்சினை. மனச்சோர்வுக்குச் சாப்பிடப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை, மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளைத் தூண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், கருத்தடை மாத்திரை, மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் காக்கும் சைக்ளோஸ்போரின் ஆகியவற்றின் அளவு ரத்தத்தில் குறைந்துவிடும். இதனால் மாற்று இதயத்தை உடல் நிராகரித்த சம்பவங்களே பதிவாகியுள்ளன. எனவே இதை மருந்தியல் பாடத்துக்குள்ளேயே வைக்க வேண்டும். விருப்பப் பாடமாக ஒதுக்குவது பெரிய தவறு.

செய்முறைக்கு, மணிக்கட்டின் உட்புறத்தில் பி6 என்ற அக்குபிரஷர் புள்ளியை அழுத்துவது நல்ல தொடக்கம். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய குமட்டலைக் குறைக்கும் என்பதற்கு ஆய்வு ஆதாரம் உண்டு.

ஆதாரம் இல்லாததையும் வகுப்பில் மறைக்கக் கூடாது. உடலைத் தொடாமலே 'ஆற்றலை' சரிசெய்வதாகச் சொல்லும் தெரபியூட்டிக் டச் முறை 1970களில் செவிலியர் கல்வியிலிருந்தே பரவியது. 1998இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான சோதனையில், தங்கள் எந்தக் கைக்கு அருகே இன்னொருவரின் கை இருக்கிறது என்பதைப் பார்க்காமல் சொல்லச் சொன்னபோது அதன் சிகிச்சையாளர்கள் 44% முறைதான் சரியாகச் சொன்னார்கள். கண்ணை மூடி ஊகித்தாலே 50% கிடைத்திருக்கும். அந்தக் கட்டுரையை மாணவர்கள் அவசியம் வாசித்து விவாதிக்க வேண்டும்.