மூச்சு வாங்கினால்தான் கணக்கு

கேள்வி: எனக்கு வயது 43. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு வந்து சேர ராத்திரி ஒன்பது ஆகிவிடும். பிரஷர் கொஞ்சம் கூடியிருக்கிறது, தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும் என்கிறார் டாக்டர். நாள் முழுக்க நின்றுகொண்டேதானே இருக்கிறேன், அது போதாதா? நடக்க நேரத்துக்கு எங்கே போவது?
– வாசகி, அவிநாசி

பதில்: ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவரிடம் விடியக்காலையில் எழுந்து நடக்கச் சொல்ல எனக்கு வாய் வராது, அம்மிணி. ஆனால் நிற்பது போதாது. கால் கடுக்கும், உடம்பு அசந்துபோகும். இதயத்துக்கு அதில் பெரிதாக வேலை இல்லை. மூச்சு வாங்க வேண்டும்.

அதை அரை மணி நேரம் ஒரே மூச்சில் செய்யத் தேவையில்லை. ஒரு தடவைக்குப் பத்து நிமிடமாவது செய்தால்தான் சேரும் என்று முன்பு சொல்லிவந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் அந்த விதியை எடுத்துவிட்டது. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமாக, அல்லது 75 நிமிடம் கடுமையாக. துண்டு துண்டாகச் செய்தாலும் சேரும். பிரிட்டனில் தனியாக உடற்பயிற்சி என்று எதுவும் செய்யாத சுமார் 25,000 பேரைக் கவனித்த ஆய்வு ஒன்று 2022-ல் வெளியானது. அன்றாட வேலைக்கு நடுவே ஒன்றிரண்டு நிமிடம் வீதம் நாளுக்கு மூன்று தடவை மூச்சு வாங்க உழைத்தவர்களிடம், அப்படி உழைக்காதவர்களைவிட, இதய நோய்ச் சாவு கிட்டத்தட்டப் பாதியாக இருந்தது. அதற்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லும் வகை ஆய்வு அல்ல. இருந்தாலும் காசா பணமா, செய்து பார்க்கலாம்.

கம்பெனியில் லிஃப்டை பீஸ் பண்டலுக்கு விட்டுவிட்டுப் படியேறுங்கள், கொஞ்சம் விறுவிறுவென்று. டீ டைமில் டீயைக் குடித்துவிட்டு காம்பவுண்டை வேகமாக இரண்டு சுற்று. காலையில் குக்கரில் அரிசியும் பருப்பும் வைத்தீர்களா? மூன்று விசில் வருவதற்குள் மொட்டை மாடிக்கு ஒரு நடை ஏறி இறங்கலாம். (விசிலை எண்ண வீட்டுக்காரரை நிறுத்துங்கள், அவரும் அடுப்படிப் பக்கம் வந்த மாதிரி இருக்கும்.) பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதம். நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு இரைத்தால் கடுமை.

பிரஷர் இருப்பதால் எடுத்த எடுப்பில் கடுமைக்குப் போக வேண்டாம். எவ்வளவு வேகம் சரி என்று டாக்டரிடமே கேளுங்கள். முதல் இரண்டு வாரம் ஒரு மாடி போதும், சென்னிமலைப் படியெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தண்ணீர்க் குடத்தை மூச்சை அடக்கிக்கொண்டு தூக்காதீர்கள், அந்த நேரத்தில் பிரஷர் எகிறும். நெஞ்சை அழுத்தினாலோ, வலி தோளுக்கோ தாடைக்கோ போனாலோ, காரணமில்லாமல் குப்பென்று வியர்த்தாலோ, வாயுப் பிடிப்பு என்று பூண்டு தட்டிப் போட்டுக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரை எழுதித் தந்திருந்தால், படியேறுகிறோமே என்று அதை நிறுத்திவிடாதீர்கள்.